தோட்டத்து முன்னோரைத் தேடுதல்
சப்பிரகமுவ மாகாணப் பழைய ஏடுகளும் செய்தித்தாள்களும்

முன்னோரை நினைத்தல் நம்மவர்க்கு ஒரு கடமை. அமாவாசையிலும் திவச நாளிலும் எள்ளும் நீரும் இறைப்போர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரைப் பெயர் சொல்லி அழைப்பர். கோத்திரம் அறியாதார் காசிப கோத்திரம் என்று கூறி அமைவதும் வழக்கே. சடங்கு அறியாமையைப் பொறுத்துக்கொள்ளும். சட்டமோ அவ்வாறு பொறுப்பதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இதே மூன்று தலைமுறையினரைப் பற்றி வேறு வகையிற் கேட்டது. அச்சட்டத்திற்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வழிவந்த குடிமகனாதற்கு அவர்தம் தந்தை ஈண்டுப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஈண்டுப் பிறந்திருத்தல் வேண்டும். இந்நாட்டிற் பிறப்பு இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் முறையோ 1867ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்த ஒரு பூட்டனுக்குப் பிறப்புச் சான்று எங்ஙனம் கிடைக்கும்? தந்தை பிறந்ததற்கான சான்றையே காட்டமாட்டாது இடர்ப்பட்டோர் பலராயினர். இவ்வாறு, முன்னோரைத் தேடுதல் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்ற நிலை மாறி, தோட்டத் தொழிலாளர்க்கு அது வாழ்வுரிமையோடு பிணைந்த வினையாயிற்று.

இவ்வுரிமை வழக்கு நாடறிய எழுந்த இடம் சப்பிரகமுவ மாகாணமே என்பது பலர் அறியாத செய்தி. கேகாலை மாவட்டத்து உருவன்வெல்லைத் தேர்தற் றொகுதியில் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு கோடாக்கன்பிள்ளை என்பவர் கோரினார். குடிமகன் என்பதற்குச் சான்றில்லை என்று அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றுக்கும், அதன்பின் இலண்டன் பிரிவுக் கவுன்சிலுக்கும் சென்றது. 1953இல் அக்கவுன்சிலும் அவர்க்கு எதிராகவே தீர்த்தது. ஒரு மனிதன் யாருடைய மகன், யாருடைய பேரன் என்னும் வினா அன்று நீதிமன்றப் படியேறி நின்றது.

ஏடுகள் எதற்காக எழுதப்பட்டன

தேடப் புகுவோர் முதற்கண் ஓர் உண்மையை மனத்திருத்துதல் வேண்டும். தோட்ட ஏடுகள் குடும்ப வரலாற்றைக் காத்தற்பொருட்டு எழுதப்பட்டன அல்ல. வேலைநாளை எண்ணவும், கூலியைக் கணிக்கவும், கடனைக் கழிக்கவும், நோய் பரவாது தடுக்கவும் எழுதப்பட்டனவே அவை. ஆகவே, எழுதியவனுக்கு வேண்டியது யாது என்று வினவிய பின்னரே, நமக்கு வேண்டியதை அவ்வேட்டில் தேடல் தகும். கணக்கு வேண்டியவிடத்துப் பெயர் இருக்கும். கணக்கு வேண்டாவிடத்துப் பெயர் இராது.

இதனைத் துரைமாரின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். பேர்குசன் வெளியிட்ட இலங்கை வழிகாட்டிகள் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் பரப்பையும் உடைமையாளரையும் துரையையும் நிரல்பட அச்சிட்டன. ஐரோப்பியர் கல்லறை வாசகங்களை ஜே. பி. லூயிஸ் என்னும் அறிஞர் தொகுத்து 1913இல் நூலாக்கினார். ஆகவே, இரக்குவானையில் உயிர்நீத்த ஒரு துரையின் வழித்தோன்றல் அவரைத் தேடினால் அச்சிட்ட நூல்கள் கைகொடுக்கும். அதே தோட்டத்தில் அவரோடு உழைத்து மடிந்த தொழிலாளியைத் தேடுவோர்க்கு அத்தகைய நூல் இல்லை. குடிமதிப்பு அறிக்கைகளும் அவ்வாறே. 1871இல் தொடங்கிய அவ்வறிக்கைகள் தோட்டத்து மக்களின் தொகையைத் தருவனவன்றிப் பெயர்களைத் தருவன அல்ல.

வந்த வழியும் வந்த காலமும்

சப்பிரகமுவையைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. பலாங்கொடை, இரக்குவானைப் பக்கங்களிற் கோப்பிக்காலத்திலேயே நம்மவர் குடியேறினர். ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெரும்பகுதியில் நிலைபெற்ற பயிர் இறப்பரே. 1876இல் கெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து பெருகிய அப்பயிர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, தெரணியகலைப் பகுதிகளிற் பரவியது. கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே இட்ட குறுகிய இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. ஆகவே, இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் வருகை, கடதாசி மிகுந்த காலத்தில் நிகழ்ந்தது எனலாம்.

அக்காலத்து முறை இது. தோட்டத்துப் பெரிய கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் சேர்த்து வருவான். 1901இல் தொடங்கிய முறைப்படி, தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்த தகரத்துண்டு ஒன்று ஒவ்வொருவர்க்கும் அளிக்கப்பட்டது. வழிச்செலவு அத்துண்டைக் கொண்டே தோட்டத்தின் கணக்கிற் பதியப்பட்டது. தட்டப்பாறை, மண்டபம் முகாம்களில் நோய்க்காப்பிற்காக மக்கள் தங்கவைக்கப்பட்டனர். 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணைந்தன. இந்திய அரசாங்கம் 1939 ஆகத்து முதலாந் திகதி தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது.

பெட்டியடியில் எங்கேனும் அத்தகைய தகரத்துண்டு கிடைக்குமாயின், அதனை விளையாட்டுப் பொருள் எனக் கருதி எறிந்துவிடலாகாது. தோட்டமும் காலமும் அதனால் ஓரளவு துணியப்படும். அதுபோன்றே ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டும். ஒரு தோட்டத்தில் இருப்பவர், தம் கடனை ஏற்றுக்கொள்ளும் வேறொரு தோட்டத்திற்குப் பெயர்தற்கு அச்சீட்டு வேண்டப்பட்டது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. குடும்பங்கள் ஒரு தோட்டத்தினின்றும் மறுதோட்டத்திற்கு அலைந்த வரலாறு அக்கடன்களிற் புதைந்து கிடக்கின்றது.

பதிவேடுகள்

தேடலின் ஒழுங்கு பின்னோக்கிச் செல்வதாதல் வேண்டும். தம் பிறப்புச் சான்றிலிருந்து தந்தையார் சான்றுக்கும், அதிலிருந்து பாட்டனார் பெயருக்கும் படிப்படியாகச் செல்லுதலே முறை. ‘எம் பூட்டனார் இன்ன ஊரார்’ என்னும் செவிவழிச் செய்தியை முதலிற் கொண்டு முன்னோக்கி வருவோர், ஒத்த பெயருடைய வேறொருவர் குடும்பத்திற் புகுந்து மயங்குவர்.

தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் பதிவகத்துக்கு அறிவித்தல் தோட்டத்துரையின் கடமையாயிருந்தது. இதனால் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டாயின. தோட்டத்தின் பெயர் ஏட்டில் தவறாது இடம்பெறும் என்பது நன்மை. பெயர்சூட்டுதற்கு முன்னரே அறிக்கை போய்ச் சேர்ந்தமையால், குழந்தையின் பெயர்க்குரிய இடம் பலகால் வெறுமையாய்க் கிடக்கும் என்பது குறை. அந்நிலையில் பெற்றோர் பெயரையும் திகதியையும் கொண்டே ஆளைத் துணிதல் வேண்டும்.

அடுத்தது செக்ரோல். பேர்பதிந்த தொழிலாளி ஒவ்வொருவரும் இன்ன கங்காணியின் கீழ் இத்தனை நாள் வேலைசெய்தார் என்பதை மாதந்தோறும் காட்டும் ஏடு அது. ஒரு பெயர் அதில் முதன்முதல் தோன்றும் மாதம், அவர் பேர்பதிந்த காலம். ஒரு பெயர் திடீரென மறையுமாயின், அதே மாதத்து இறப்புப் பதிவை நாடுதல் நன்று. ஒரு கங்காணியின் கீழ் நின்றோர் பெரும்பாலும் ஓரூரார் அல்லது ஓர் உறவினர் ஆதலின், தம் முன்னோரின் ஊர் தெரியாதவர் அக்கங்காணியின் ஊரைக் கண்டறிந்தாற் பாதி வழி சென்றவராவர்.

இவையனைத்தினும் செறிந்த செய்தி தருவன குடியுரிமை விண்ணப்பங்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகத்து வரை காலம் இருந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் 1946ஆம் ஆண்டு தொடங்குமுன் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையைக் காட்டவேண்டியிருந்தது. ஆகவே, எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு இருந்தோம், மனைவி மக்கள் யாவர் என்பன அவ்விண்ணப்பங்களில் விரிவாக எழுதப்பட்டன. மறுக்கப்பட்டோர் சிலர் உயர்நீதிமன்றுக்கு மேன்முறையீடு செய்தனர். அத்தீர்ப்புகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியுள்ளன. உரிமையை மறுத்தற்குத் தொகுத்த கோவையே இன்று முன்னோரின் வாழ்க்கைக் குறிப்பாய் எஞ்சியிருத்தல் காலத்தின் விந்தை.

செய்தித்தாள்கள்

பதிவேடு பெயரையும் நாளையும் தரும்; நிகழ்ச்சியைத் தராது. அக்குறையை நிரப்புவன செய்தித்தாள்கள். ஆயின் எல்லாத் தாள்களும் ஒருதன்மைய அல்ல. ஒப்சேவர், டைம்ஸ் முதலிய ஆங்கிலத் தாள்கள் தோட்டம் கைமாறியமை, துரை மாறியமை, சந்தை விலை ஆகியவற்றை விரிவாக எழுதின. தொழிலாளி அவற்றில் ‘ஒரு கூலி’ என்ற அளவிலேயே பெரும்பாலும் தோன்றுவான். பெயர் சொல்லித் தோன்றுமிடம் நீதிமன்றமும் விபத்துமே. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஆதலின் முன்னோர் பெயரை வழக்குப் பட்டியலிற் கண்டு எவரும் நாணவேண்டுவதில்லை. அவர் செய்த குற்றம் பெரும்பாலும் ஓடிப்போனமையே.

தமிழ்த் தாள்களில் நிலைமை வேறு. கோ. நடேசய்யர் 1921இல் ‘தேசநேசன்’ என்னும் தாளையும், 1924இல் ‘தேசபக்தன்’ என்னும் தாளையும் நடாத்தித் தோட்டத்து இன்னல்களை எழுதினார். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றின. இத்தகைய தாள்களிலேயே தொழிலாளி பெயருடைய மனிதனாக வருகின்றான். கோவில் திருவிழாவுக்குப் பொருள் தந்தோர், சங்கக் கிளைக்குத் தெரிவான தலைவர், ஆசிரியருக்குக் கடிதம் எழுதியோர் என்றவாறு அப்பெயர்கள் வரும். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தினின்றும் தொழிலாளரை வெளியேற்ற முயன்றபோது எழுந்த பெரும் வேலைநிறுத்தம் போன்ற நிகழ்ச்சிகளை அக்காலத்துத் தாள்களில் நாள்தோறும் தொடர்ந்து படித்தல் பயன்தரும்.

தாளைப் புரட்டுமுன் தோட்டத்தையும் ஆண்டையும் முடிந்த அளவு வரையறுத்தல் இன்றியமையாதது. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஆண்டு குறியாது தேடுபவர் நாள் முழுவதும் தாள்களைப் புரட்டி வெறுங்கையோடு மீள்வர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் பழந்தமிழ் இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்க வழிசெய்துள்ளது.

மயக்கந் தரும் இடங்கள்

மூன்று மயக்கங்களைச் சுட்டுதல் தகும். முதலாவது ஆட்பெயர். இலட்சுமி என்பவர் ஓரேட்டில் ‘லெச்சிமி’ எனவும், மற்றோரேட்டில் ‘லெட்சுமி’ எனவும் எழுதப்படுவார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால், ஒரே லயத்தில் இரண்டு முத்துக்கருப்பர் இருத்தலும் கூடும். வயதும் தந்தை பெயரும் ஒத்தாலன்றி ஒருவரென்று துணியலாகாது.

இரண்டாவது இடப்பெயர். மேலே கூறிய நேவ்ஸ்மயர் தோட்டம் தொழிலாளரிடையே உருளவள்ளி என வழங்கிற்று. அப்போராட்டமும் உருளவள்ளிப் போராட்டம் என்றே நினைக்கப்படுகின்றது. ஒரு பெயரை மட்டும் அறிந்தவர் மற்றப் பெயரில் அச்சான செய்தியைத் தவறவிடுவர். இந்தியப் பக்கத்திலும் இதே இடர் உண்டு. பழைய ஏட்டில் சேலம் மாவட்டம் என்றிருக்கும் ஊர் இன்று தருமபுரியிலோ நாமக்கல்லிலோ இருக்கலாம். முன்னது 1965இலும் பின்னது 1997இலும் தனி மாவட்டங்களாயின. புதுக்கோட்டையோ 1948 வரை தனிச் சமத்தானம்.

மூன்றாவது பெண்டிர் பற்றியது. பால்வெட்டிலும் கொழுந்து பறித்தலிலும் ஆடவர்க்கு நிகராக உழைத்த பெண்டிர், செக்ரோலில் பெயராக மட்டுமே நிற்பர். தந்தைவழியையே கேட்ட சட்டமும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. தாய்வழி ஊரை அறிதற்கு முதியோர் வாய்மொழியும் ஒப்பாரியும் சீர்வரிசைக் கதைகளுமே துணை. ஆதலின் ஏட்டுக்குச் செல்லுமுன் பாட்டியாரை வினவுதல் கற்றறிந்தோர்க்கு இழுக்கன்று.

அழிந்தனவும் எஞ்சியனவும்

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் ஆட்சி கம்பெனிகளிடம் சென்றது. கைமாறுந்தோறும் பழைய ஏடுகள் பேணுவாரற்றுப்போகும் நிலை நேர்ந்தது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இம்மாகாணத்து லயங்களிலிருந்து விரட்டப்பட்டோர், உடுத்த உடையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயினர். பெட்டியிலிருந்த சான்றுகள் நெருப்பிற் போயின. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. அதனால் ஒரு குடும்பத்தின் கடதாசிகள் தலைமன்னார்க் கடலின் இருகரையிலும் சிதறின.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. அதனால் மூன்று தலைமுறைச் சான்று கேட்கும் நாள் கழிந்தது. எனினும், குடியிருக்கும் லயத்துக்கும் வீட்டுக்காணிக்கும் உரிமை கேட்போர், தம் குடும்பம் எத்தனை காலம் அம்மண்ணில் வாழ்ந்தது என்று காட்டவேண்டிய தேவை இன்னும் நீங்கிற்றில்லை.

ஆகவே, மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள பிறப்பு, இறப்பு, மணச் சான்றுகளின் இலக்கத்தையும் திகதியையும் தோட்டப் பெயரையும் எழுதிக்கொள்க. முதியோர் சொல்லும் ஊர், கங்காணி, கோவில், உறவுமுறை ஆகியவற்றைச் சொன்னவர் பெயரோடும் நாளோடும் குறிக்க. தோட்டத்துக் கோவில் மணியிலும் கல்லறையிலும் உள்ள வாசகங்களைப் பார்த்தெழுதுக. ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுக. இவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி நிரம்புமாயின், கூலியைக் கணிக்க எழுதிய ஏடுகளில் எண்ணாய் நின்றோர் மீண்டும் தந்தையும் பாட்டனும் பூட்டனும் ஆவர். எள்ளும் நீரும் இறைக்கும் நாளில் அவர்தம் பெயரைச் சொல்லி அழைத்தலும் இயலும்.