சாவி போட்டுப் பூட்டிய தேயிலை

லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சந்தையில், ஒரு சனிக்கிழமை காலை, அந்தத் தகர டின்னைக் கையில் எடுத்தேன். பாட்டியும் பேத்தியும் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கோப்பையோடு உட்கார்ந்திருக்கிற படம். மேலே ‘மசாவாட்டி’ என்று பெயர். 1887-இல் பதிவான பெயர் அது. இந்தியில் ‘மஜா’, சிங்களத்தில் ‘வத்த’, இரண்டையும் சேர்த்துக் கட்டியது. வத்த என்றால் தோட்டம். இலங்கையின் அப்புத்தளையில், தேயிலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தச் சேகரிப்பு.

அதற்கு முந்திய காலத்து ரோஸ்வுட் பெட்டி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. திறந்தால் உள்ளே ஈயத்தகடு, முன்பக்கம் சாவித்துளை. இதற்கு ‘கேடி’ என்று பெயர். ‘கட்டி’ என்ற மலாய் எடையிலிருந்து வந்தது, ஏறக்குறைய 600 கிராம். தேயிலை அவ்வளவு விலை என்பதால் வீட்டு எஜமானி சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். பிறகு அசாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இலை குவிந்தது. விலை இறங்கியது, பூட்டு தேவைப்படவில்லை. தகரத்தில் வண்ணப்படம் அச்சடிக்கும் முறைக்கு 1875-இல் ராபர்ட் பார்க்லே காப்புரிமை வாங்கியிருந்தார். பெட்டி இருந்த இடத்துக்குப் படம் போட்ட டின் வந்தது.

டின் மட்டுமல்ல. 1886-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ராயில் என்பவர் காப்புரிமை பெற்ற தேநீர்க் கேத்தலைப் பாருங்கள். மூடியைத் தூக்கி, அதன் உச்சித் துளையை விரலால் அடைத்துக் கீழே அழுத்தினால், கேத்தலைச் சாய்க்காமலே தேநீர் கோப்பையில் விழும். இன்றும் வேலை செய்கிறது!

வாங்குகிறவர்கள் முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பீங்கானில் வைர வடிவ முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளோடு பதிவு எண் வரும்.

லிப்டன் 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார்; அவருடைய தம்பேதன்ன தோட்டம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். அவரது பழைய விளம்பரங்களில் கூடையோடு தமிழ்ப் பெண்கள் அழகாக நிற்பார்கள். அட்டைக்கடியும் மலைக்குளிரும் அந்தப் படத்தில் இல்லை. என் அம்மாயி கொழுந்துக் கறை போகாத விரல்களோடுதான் கண்ணை மூடினார். அந்தப் படங்களை நான் விட்டுவிடாமல் வாங்குவது அதனால்தான். எங்கள் ஆட்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு, பெயர் இல்லாவிட்டாலும், அது ஒரு சாட்சி.

ஆரம்பத்தில் ஒரு டின்னைச் சாமான் தேய்க்கிற நாரால் தேய்த்துவிட்டேன். பொன் கோடுகள் போயின, கூடைக்காரியின் முகமும் போனது. உங்கள் வீட்டில் பழைய தேயிலை டின் இருந்தால் தண்ணீர் படவிடாதீர்கள், உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.