மக்னீசியம்: இரத்தப் பரிசோதனையில் தெரியாத குறை

ஈச்சிலம்பற்றில் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம், "கெண்டைக்கால் இழுக்குது காக்கா, மக்னீசியம் குளிசை இருக்கா? இதயத்துக்கும் நல்லமாமே" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். இதயத்திற்கு மக்னீசியம் தேவை என்பது உண்மை. அதற்காகக் குளிசையை நாமாக வாங்கிப் போடலாமா என்பது வேறு கேள்வி.

வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 25 கிராம் மக்னீசியம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பிலும், மிச்சத்தில் பெரும்பகுதி தசையிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இரத்தப் பரிசோதனை 'சரி' என்று வந்தாலும் உள்ளே குறை இருக்கலாம். இதயத் தசைக்குள் பொட்டாசியத்தைத் தக்கவைப்பதற்கும், கல்சியம் அளவுமீறி நுழையாமல் தடுப்பதற்கும் மக்னீசியம் வேண்டும். அது நன்றாகக் குறைந்தால் துடிப்பின் ஒழுங்கு கெடும்.

இதில் தண்ணீருக்கும் பங்குண்டு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியமும் மக்னீசியமும் கலந்த வன்னீரின் அடையாளம். 1957இல் ஜப்பானில் கோபயாஷியும் 1960இல் அமெரிக்காவில் ஷ்ரோடரும், நீரின் தன்மைக்கும் பக்கவாத, இதய நோய் மரணங்களுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். நம் நாட்டுக் கிணற்று நீரை ஆராய்ந்த புவிச்சரிதவியல் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க குழுவினரும், வன்னீர் உள்ள இடங்களில் இதய நோய் குறைவு என்ற போக்கை 1982இல் காட்டினார்கள். தொடர்பு இருப்பதால் மட்டும் அதுவே காரணம் என்றாகிவிடாது. ஆனாலும் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீர் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த இயந்திரம் கெட்டதோடு மக்னீசியத்தையும் அகற்றிவிடுகிறது. அதற்காகச் சந்தேகமான கிணற்றுக்குத் திரும்ப வேண்டாம், சாப்பாட்டில் ஈடுசெய்யலாம்.

மருந்தாகக் கொடுத்துப் பார்த்த கதை வேறு. மாரடைப்பு வந்தவர்களுக்கு மக்னீசியம் ஏற்றியபோது மரணம் குறைந்ததாக 1992இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வு சொன்னது. 1995இல் 58,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஒருவகை ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு ஆஸ்பத்திரியில் இன்றும் அதை ஏற்றுகிறார்கள். மாரடைப்புக்கான பொது மருந்தாக அது நிற்கவில்லை.

குறை வரக்கூடியவர்கள் யார்? சீனி வருத்தக்காரர், நீர் போக்கும் குளிசை (ஃப்ருசமைட் போன்றவை) எடுப்பவர், நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோலை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழுங்குகிறவர், நெடுநாள் வயிற்றோட்டம் உள்ளவர். இவர்கள் தாங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் வைத்தியரிடம் காட்டி, மக்னீசியம் பார்க்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் குளிசையைத் தாமாகத் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாத மக்னீசியம் தேங்கி இதயத்தையே மந்தமாக்கிவிடும்.

மற்றவர்களுக்கு அடுப்படி போதும். ஆணுக்கு நாளொன்றுக்கு 420, பெண்ணுக்கு 320 மில்லிகிராம் அளவில் தேவை. 100 கிராம் பச்சைப் பயறிலோ கௌபியிலோ ஏறக்குறைய 180 மில்லிகிராம் கிடைக்கும். அரிசியைத் தீட்டும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. தவிட்டரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, கீரை, கச்சான், எள்ளு இவையெல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதான். வாரத்தில் நாலு நாளாவது காலையில் வெள்ளைப் பாணை விட்டு அவித்த கௌபி சாப்பிடுங்கள்.