நான்கு மணி நேரம் என்பது எந்த ஊரின் கணக்கு?

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழங்குகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் என்கிறது. 12 மாதம் வரையிலும் ஏற்கலாம் என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் படித்துவந்த பாடங்களில் அறையில் 6 முதல் 8 மணி, பிரிட்ஜில் 24 மணி, ஃப்ரீசரில் 3 மாதம் என்று இருக்கும். ஒன்று அறையில் தாராளம், பிரிட்ஜில் கண்டிப்பு, மற்றது தலைகீழ். பிரசவ விடுப்பு முடிந்து ஹிஞ்சவடியிலோ கராடியிலோ வேலைக்குத் திரும்பும் புனேப் பெண் இவற்றில் எதை நம்புவது? இரண்டுமே பொய்யில்லை என்பதுதான் சிக்கல். நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அந்த நேரம் எந்த வெப்பநிலைக்குப் பொருந்தும் என்பதை எல்லா அட்டவணைகளும் சிறிய எழுத்தில் போடுகின்றன. நம் ஊரில் கவனித்துப் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

4 மணி நேரம் என்ற எண்ணுக்கு அருகே '25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவு' என்று இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஆய்வுகளில் முக்கியமானது, மார்கிட் ஹமோஷும் அவருடைய குழுவினரும் 1996-ல் வெளியிட்டது. வேலைக்குச் செல்லும் தாய்மாரை மனத்தில் வைத்தே அதைச் செய்தார்கள். பாலை 15, 25, 38 டிகிரிகளில் வைத்து, கிருமி எவ்வளவு பெருகுகிறது, கொழுப்பும் புரதமும் எவ்வளவு சிதைகின்றன என்று அளந்தார்கள். 15 டிகிரியில் 24 மணி நேரமும் 25 டிகிரியில் 4 மணி நேரமும் பால் பாதுகாப்பாக இருந்தது. 38 டிகிரியில் பாலை வைக்கவே கூடாது என்பது அவர்கள் கண்ட முடிவு. புனேயில் 2019 ஏப்ரல் இறுதியில் சிவாஜிநகர் வானிலை நிலையம் 43 டிகிரியைப் பதிவுசெய்தது. சாதாரணக் கோடை நாள்களிலேயே வெளியே 38, 39 தொடுகிறது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீட்டின் அறை பிற்பகலில் அதற்கு வெகு தூரத்தில் இருப்பதில்லை. இதே ஊரில் டிசம்பர் இரவு 10 டிகிரி வரை இறங்கும். புனேயில் இட்லிக்கு அரைக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும்: மே மாதத்தில் மாலைக்குள் பொங்கி வழியும் மாவு, டிசம்பரில் மறுநாள் காலையிலும் அசையாமல் கிடக்கும். மாவுக்கு யாரும் மணிக்கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. பருவத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பாலுக்கும் அதே கணக்குத்தான். குளிர்காலத்தில் 4 மணி நேரம் தாராளமாகத் தாங்கும் பால், ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் எடுத்த கையோடு பிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

பிரிட்ஜுக்கும் இப்படி ஒரு சிறிய எழுத்து உண்டு. 4 நாள் என்பது உள்ளே 4 டிகிரி நிலையாக இருந்தால் மட்டும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் பிரிட்ஜில் 96 மணி நேரம் வைத்த பாலின் தரம் பெரிதும் கெடவில்லை என்று காட்டியது. ஆனால் அது பாலுக்கென்றே ஒதுக்கி, வெப்பநிலையைக் கண்காணித்து வந்த மருத்துவமனைப் பெட்டி. நம் வீட்டுப் பிரிட்ஜ் காய்கறிக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்குமாக நாளுக்கு நாற்பது முறை திறக்கிறது. கதவில் உள்ள தட்டு ஒவ்வொரு முறையும் சூடாகிறது. அதனால்தான் பாலைக் கதவில் வைக்காமல் உள்ளே பின்சுவரை ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். பராமரிப்புக்காக வியாழக்கிழமைகளில் மின்சாரம் நிறுத்தும் புனே வழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மூடியே இருக்கும் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் உத்தரவாதமில்லை. இத்தகைய வீட்டுக்கு இந்தியப் பாடத்தின் 24 மணி நேரம்தான் நேர்மையான எண் என்பது என் கருத்து.

ஃப்ரீசர் விஷயத்தில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. 6 மாதம் என்பது மைனஸ் 18 டிகிரியில் நிற்கும், தனிக்கதவுள்ள ஃப்ரீசருக்கு. நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ். அதன் உச்சியில் உள்ள பனிப்பெட்டிக்குப் பழைய அட்டவணைகள் 2 வாரம் மட்டுமே கொடுத்தன. புதிய அட்டவணைகள் பலவற்றில் அந்த வரியே இல்லை. அந்த வரியைத் தேடாத தாய், கல்லாய் உறைந்த பாலைப் பார்த்து ஆறு மாதத்துக்குக் கையிருப்பு சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள். பிரிட்ஜ் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து ஒரு வாரம் பார்த்தால் தன் வீட்டு உண்மை தெரிந்துவிடும். அதற்கேற்ப, 60 முதல் 100 மில்லி வரை சிறு அளவுகளாக, உறையும்போது விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம்விட்டு, தேதி எழுதி வைத்து, பழையதை முதலில் எடுத்தால் வீணாவது குறையும். உறைந்த பாலை முந்தின இரவே பிரிட்ஜுக்குள் இறக்கிவைத்து உருக விடலாம். உருகி முடித்த பால் ஒரு நாளுக்குள் தீர்ந்தாக வேண்டும், மறுபடி உறைய வைக்கக்கூடாது. மின்தடைக்குப் பிறகும் பாலில் பனித்துகள் மிச்சமிருந்தால் மட்டும் மீண்டும் உறைய வைக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டு வைத்தாலும் அது உயிரில்லாத பால்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. உறைய வைக்கும்போது பாலில் உள்ள உயிரணுக்கள் அழிகின்றன, வைட்டமின் சி குறைகிறது. கொழுப்பைப் பிரிக்கும் லைபேஸ் நொதி குளிரிலும் முழுதாக ஓய்வதில்லை. சிலருடைய பாலில் சோப்பு வாடை வருவது அதனால்தான். அது கெட்ட பால் அல்ல. குழந்தை மறுத்தால், அடுத்த முறை ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை சூடாக்கி, உடனே ஆறவைத்து, அதன் பிறகு உறைய வைக்கலாம். ஆனால் நோய் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி உறைபனியிலும் பிழைக்கிறது. தாய்ப்பால் வங்கிகளின் அடித்தளமே இந்த உண்மைதான். மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. புனே சசூன் மருத்துவமனையிலும் அப்படி ஒரு வங்கி இயங்குகிறது. அன்னியர் தந்த பால் என்பதால் வங்கிகள் கொடையாளரின் இரத்தத்தைச் சோதிக்கின்றன, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகின்றன, கிருமி வளர்கிறதா என்று பார்த்துவிட்டு உறைய வைக்கின்றன. இத்தனைக்கும் பிறகும் அந்தப் பால் குறைப்பிரசவக் குழந்தைகளைக் காக்கிறது. தன் பிள்ளைக்குத் தானே எடுத்த பாலுக்கு இந்தச் சூடாக்கல் தேவையில்லை. இழப்பும் அந்த அளவுக்கு இராது. தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கும் புட்டிப்பால் மாவும் கிருமியற்ற பண்டமல்ல: குறைந்தது 70 டிகிரி வெந்நீரில் கலக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவுறுத்தியது அதற்காகவே.

பாட்டிமாரின் ஆட்சேபம் வேறு: பிரிட்ஜுப் பாலால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ். பாலின் குளிர்ச்சி அல்ல. அவர்கள் மனம் ஆறும்படி, வெந்நீர் உள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், ஆங்காங்கே கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். ஆனால் எச்சில் விஷயத்தில் பாட்டிகள் முழுக்கச் சரி. குழந்தை வாய்வைத்த பாலில் எச்சில் கலக்கிறது, கிருமியும் கலக்கிறது. மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் கொட்டிவிட வேண்டும். பாலாடை இங்கே கைகொடுக்கிறது. மருத்துவ நூல்களில் இந்தத் தமிழ்ப் பெயரோடே ஏறிவிட்ட அந்தச் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புகட்டினால், பெரிய பாத்திரத்துப் பால் எச்சில்படாமல் இருக்கும், கழுவுவதும் எளிது.

கழுவுதல் சில்லறை வேலை அல்ல. 2016-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைப்பிரசவக் குழந்தை ஒன்றுக்குக் குரோனோபாக்டர் என்ற கிருமியால் மூளைத் தொற்று வந்தது. தாயின் பம்பிலும் பாலிலும் சமையலறைத் தொட்டியின் வடிகாலிலும் அதே கிருமி இருந்தது. பம்பின் பாகங்கள் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறின, தேய்க்கப்படவில்லை, கொதிநீரையும் காணவில்லை. ஊறவைப்பது சுத்தம் செய்வதாகாது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் போடாமல், தனிக் கிண்ணத்தில், தனிப் பிரஷால் தேய்த்து, அலசி, காற்றில் உலர்த்த வேண்டும். குழந்தை மிகச் சிறியதானால் பாகங்களை நாளுக்கு ஒருமுறை கொதிக்கவும் வைக்க வேண்டும்.

இப்படிக் கண்டிப்பு காட்டினால் தாய்மார் பயந்து கைவிட்டுவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அச்சம் உண்மைதான். ஆனால் வேலைக்குத் திரும்பும் அந்தப் பெண்ணைச் சோர வைப்பது எது? ஹிஞ்சவடி அலுவலகத்திலிருந்து ஹடப்சர் வீட்டுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் பயணம் எளிதில் ஒன்றரை மணி நேரம் ஆகும். உறைந்த ஐஸ்பேக் வைத்த குளிர்ப்பையில் பால் 24 மணி நேரம் தாங்கும் என்பதால் பயணம் அவளுக்குத் தடையில்லை. அலுவலகத்தில் பால் எடுக்க ஓர் அறையும், மதியம்வரை வைக்க ஒரு பிரிட்ஜும் இல்லாததுதான் தடை. மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கேட்டது. 15 மாதம்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் அதில் இருந்தது. பம்பு, பிரிட்ஜ், தனியறை என்ற சொற்கள் அதில் இருக்கவில்லை. கோத்ரூடில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இத்தகைய சட்டமே எட்டுவதில்லை. அவளிடம் பம்பு இல்லை, ஐஸ்பேக் இல்லை. காலை ஆறு மணிக் குளிர்ச்சியில், சோப்புப் போட்டுக் கழுவிய கையால், கொதிநீரில் கழுவிய மூடிபோட்ட கிண்ணத்தில் அவள் பீய்ச்சி வைத்துப்போகும் பால் பத்து மணிவரை நன்றாகவே இருக்கும். பாலாடையும் பார்த்துக்கொள்ள ஒரு மாமியாரும் இருந்தால் காலை நேரத்துக்குப் புட்டிப்பால் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் அவள் ஒன்பது மணிக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.