நாம் கேட்பதை யார் அறிவார்?



செம்பூரில் மின்ரயில் ஏறுகிற நம் ஜனங்களில் அநேகர் இப்பொழுது காதில் இயர்போனோடு 'பாட்காஸ்ட்' கேட்கிறார்கள். சில நாட்களுக்கு முன் ஒரு சகோதரி, "ஐயா, கணவரின் குடிப்பழக்கத்தைக் குறித்த ஒரு தொடரை வீட்டில் கேட்டு வருகிறேன். நான் கேட்பது வேறு யாருக்காவது தெரியுமா?" என்று வினவினார்கள். (அவர்கள் சம்மதத்தோடேயே இதை எழுதுகிறேன்.)

சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலி சிற்றலையில் ஒலித்த நாட்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நேயர் கடிதம் எழுதினாலொழிய, கேட்டவர் யார் என்று நிலையத்தாருக்குத் தெரியாது. பாட்காஸ்ட் அப்படியன்று. ஒலிக்கோப்பு நம் கைப்பேசிக்கு வந்துசேர, நமது இணைய முகவரியும் செயலியின் பெயரும் அதை அனுப்பும் கணினிக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அநேகத் தொடர்களில் நம் கோரிக்கை முதலாவது ஓர் அளவீட்டு நிறுவனத்தைக் கடந்த பின்னரே கோப்பைச் சேருகிறது. நாம் இருக்கும் ஊரைப் பார்த்து விளம்பரமும் அப்போதே செருகப்படலாம்.

வீட்டு வைஃபையில் காரியம் இன்னும் கடினம். குடும்பத்தார் எல்லாருக்கும் வெளியே தெரியும் முகவரி பெரும்பாலும் ஒன்றே. தாயார் கேட்ட தொடரையும், அதே வீட்டிலிருந்து பிறகு திறக்கப்பட்ட விளம்பரதாரரின் இணையதளத்தையும் அதனால் இணைத்துப் பார்க்க முடிகிறது. 2022இல் ஸ்பாட்டிஃபை வாங்கிய பாட்சைட்ஸ், சார்ட்டபிள் ஆகிய நிறுவனங்கள் இவ்வித அளவீட்டையே தொழிலாகச் செய்தன. கணக்குத் தொடங்கிக் கேட்கும் செயலிகளோ, எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்பதையும் அறியும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆயிற்று. அதுவரை நம் கைப்பேசிகள் காத்திருக்கவில்லை.

சகோதரிக்கு நான் சொன்னது: ஆண்ட்ராய்டில் 'ஆன்டெனாபாட்' என்ற இலவசச் செயலி கணக்குக் கேட்பதில்லை. அதில் தொடரை முழுவதும் இறக்கிவைத்துக் கேளுங்கள். இறக்கியது அனுப்பியவருக்குத் தெரியும், கேட்டீர்களா என்பது தெரியாது. கைப்பேசி அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். இலவச வி.பி.என்.களை எளிதில் நம்பவேண்டாம்; நாம் செல்லும் தளங்களையெல்லாம் அவர்கள் அறிய இடமுண்டு.

அவர்களோ, "ஐயா, கம்பெனிக்காரர் இருக்கட்டும், புது பாகம் வந்ததென்று திரையில் பெயர் வருகிறதே, அதை இவர் பார்த்துவிட்டால்?" என்றார்கள். அது எனக்குத் தோன்றவேயில்லை. உடனே அறிவிப்பை நிறுத்திவைத்தோம்.