உங்கள் கைக்கடிகாரம் சொல்லும் கிலோமீட்டர் உண்மையா?

காலை 4.45 மணி. சென்னை திருவான்மியூரில் எங்கள் தெருமுனை. ஷூ லேஸைக் கட்டிவிட்டு, இடது கையை வானத்தைப் பார்த்து நீட்டியபடி நான் நின்றுகொண்டிருப்பேன். பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பெரியவர் சில நாட்கள் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "என்ன சார், வாட்ச் நின்னு போச்சா?" "இல்லீங்கய்யா, சாட்டிலைட் சிக்னல் வரணும்" என்றேன். "ஓடறதுக்கு எதுக்கு சார் சாட்டிலைட்?" என்று சிரித்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

நான் வீரன் அல்ல. வயது 46. பகல் முழுவதும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து வேலை பார்ப்பவன். வாரத்தில் மூன்று நாட்கள் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை சைக்கிள். நம் வாசகர்களில் பலரும் இப்போது இப்படி ஓடத் தொடங்கியிருப்பீர்கள். கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச், அல்லது பாக்கெட்டில் போன். அவை தரும் எண்கள் எப்படிக் கிடைக்கின்றன, எவ்வளவு நம்பலாம் என்று இங்கு பார்ப்போம்.

தூரத்தை அளப்பது யார்?

முதலில் ஒரு விஷயம். உங்கள் வாட்ச் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லும் சிக்னல்களை அனுப்புகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வாட்ச் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பெரும்பாலும் வினாடிக்கு ஒரு முறை இப்படி ஒரு புள்ளி வைக்கிறது. புள்ளிகளை இணைத்தால் கிடைக்கும் கோட்டின் நீளம்தான் நீங்கள் பார்க்கும் கிலோமீட்டர்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் நம் கைக்கு உண்மையாகப் பயன்படத் தொடங்கியது. இன்று திறந்த வெளியில் பிழை சில மீட்டர்கள்தான்.

ஆனால் நகரம் திறந்த வெளி அல்ல. ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டு சிக்னல் திரும்பி வருகிறது. பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில் வானமே தெரிவதில்லை. அங்கெல்லாம் புள்ளிகள் இடமும் வலமும் சிதறுகின்றன. நீங்கள் நேராக ஓடியிருந்தாலும் மேப்பில் கோடு வளைந்து வளைந்து போகும், தூரம் கூடும். வளைவுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கலாம். புள்ளிகளை நேர்க்கோட்டில் இணைப்பதால் தூரம் குறையும்.

புதிய மாடல்களில் டூயல் பிரீக்வென்சி என்று ஒரு வசதி தருகிறார்கள். இரண்டு அலைவரிசைகளில் சிக்னலைப் பெறுவதால் கட்டடங்கள் நடுவே பிழை குறைகிறது. வாங்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டின் நாவிக் அமைப்பும் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல், சிறு கருவிகளில் அதிகம் பயன்படும் எல்1 அலைவரிசையிலும் சிக்னல் தருகிறது.

போட்டியில் ஏன் எண் மாறுகிறது?

மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். ஓடி முடித்தவர்கள் பலர் தங்கள் வாட்ச் 42.6, 42.8 என்று காட்டுவதாகவும், அமைப்பாளர்கள் தூரத்தைத் தவறாக அளந்துவிட்டதாகவும் குறை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முறையாகச் சான்று பெற்ற பாதையாக இருந்தால் தவறு வாட்சுடையதுதான்.

அந்தப் பாதையை எதை வைத்து அளக்கிறார்கள் தெரியுமா? சாட்டிலைட் அல்ல, சைக்கிள்! முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். சக்கரச் சுழற்சியின் சிறு பகுதியைக்கூட அது எண்ணும். முதலில் ஸ்டீல் டேப்பால் அளந்த ஒரு நேர்ப்பாதையில் சைக்கிளை ஓட்டி கவுண்டரைச் சரிபார்க்கிறார்கள். பிறகு ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு ஓட்டுகிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நாமோ கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கி, வளைவை அகலமாகச் சுற்றி ஓடுகிறோம். அதோடு ஜிபிஎஸ் பிழையும் சேர்கிறது.

என் கணக்கையும் சொல்கிறேன். நான் ஓடிய ஒரு 10 கிலோமீட்டர் போட்டியில் என் வாட்ச் 10.25 காட்டியது. அதாவது 2.5 சதவீதம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

சக்கரத்தில் பொருத்தும் ஸ்பீட் சென்சார் ஜிபிஎஸ்ஸை விட நம்பகமானது. ஆனால் டயர் அளவைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். 700x25 டயரின் சுற்றளவு சுமார் 2105 மில்லிமீட்டர். 700x28 என்றால் சுமார் 2136. டயரை மாற்றிவிட்டு செட்டிங்ஸை மாற்ற மறந்தால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் வரும். வீட்டிலேயே அளந்துவிடலாம். டயரின் வால்வு தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிளில் அமர்ந்தபடி சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை நேராக உருட்டி, மீண்டும் கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து அந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

இதயத்துடிப்பா, கால் துடிப்பா?

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்த ஓட்டம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணித்தான் இதயத்துடிப்பைக் காட்டுகிறது.

ஒரு நாள் நண்பருடன் பேசிக்கொண்டே மெதுவாக ஓடினேன். வாட்ச் 172 என்றது. 220லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரப்படி என் அதிகபட்சமே 174. உண்மையாக இருந்தால் பேச மூச்சு இருக்காது. பிறகு பார்த்தால், நிமிடத்துக்கு நான் வைத்த அடிகளும் 172! வியர்வையில் வார் தளர்ந்து வாட்ச் ஆடியிருக்கிறது. கால் அடியையே துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, ஆடாதபடி கட்டுங்கள். துல்லியம் வேண்டுபவர்கள் மார்பில் கட்டும் பட்டையை வாங்கலாம்; அது இதயத்தின் மின் சிக்னலை அளக்கிறது. 220 சூத்திரமும் சராசரிதான். ஆளுக்கு ஆள் 10 துடிப்புக்கு மேல்கூட வேறுபடும்.

நான்கு கிலோமீட்டருக்காக

இவ்வளவும் தெரிந்த நான் செய்த முட்டாள்தனத்தை இப்போது சொல்கிறேன். ஒரு டிசம்பர் மாதம். காற்று குளிர்ந்திருந்தது, ஜனவரி மராத்தான் நினைப்பில் ஊரே கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. நானும் அப்ளிகேஷனில் மாதம் 150 கிலோமீட்டர் என்று இலக்கு வைத்தேன். அதற்கு முந்தைய மாதம் ஓடியது 90தான். 20ஆம் தேதி முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு இடத்தில் விரல் வைத்தால் வலித்தது. ஆனால் காலையில் வாட்ச், உடல் தயாராக இருப்பதாகப் பச்சை நிறத்தில் காட்டியது. ஓடினேன். 30ஆம் தேதி 146. மறுநாள் நொண்டிக்கொண்டே நான்கு கிலோமீட்டர் ஓடி 150ஐ முடித்தேன். திரையில் வாணவேடிக்கை. வீட்டுப் படியேற முடியவில்லை.

எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் ஓட்டம் கிடையாது. மூன்றாம் வாரத்திலிருந்து வலிக்காத அளவுக்கு சைக்கிள் மட்டும்.

படுத்திருந்த நாட்களில்தான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 150 கிலோமீட்டரில் 2.5 சதவீதம் என்பது 3.75 கிலோமீட்டர். நான் ஓடியது 146ஆ, 150ஆ என்பதையே அந்த வாட்சால் உறுதியாகச் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட அதன் பிழை அளவே உள்ள தூரத்துக்காகத்தான் காலை உடைத்துக்கொண்டேன்.

அந்தப் பச்சை நிறம் பொய் சொன்னதா? இல்லை. அது துடிப்பு, தூக்கம், அண்மையில் செய்த பயிற்சி ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு. எலும்பைப் பார்க்க அதில் சென்சார் கிடையாது. பயிற்சிக்கு இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பு மெதுவாகத்தான் பழகும்.

இரண்டு பாதுகாப்புக் குறிப்புகள்

1. அப்ளிகேஷனின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, ஓட்டம் தொடங்கும், முடியும் இடங்களை மறைக்கும் வசதியை இயக்குங்கள். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக மேப்பில் ராணுவ முகாம்களின் உருவமே தெரிந்தது 2018 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியிருக்க, தினமும் 4.45க்கு நீங்கள் புறப்படும் வாசல் தெரியாதா?

2. மாதம் ஒரு முறை உங்கள் ஓட்டங்களை ஜிபிஎக்ஸ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து கம்ப்யூட்டரில் வையுங்கள். 2020 ஜூலையில் சைபர் தாக்குதலால் கார்மின் சேவை சில நாட்கள் முடங்கியது. ஜிபிஎக்ஸ் சாதாரண டெக்ஸ்ட் பைல்தான், நோட்பேடில் திறக்கலாம். எங்கள் தெரு 12.98, 80.26 என்று அதில் இருக்கும்.

இப்போதும் வாட்ச் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறேன். மாத இலக்கை மட்டும் நீக்கிவிட்டேன். காலையில் முதலில் எலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பேன். பிறகுதான் திரையைப் பார்ப்பேன். சிக்னல் வரத் தாமதமானால் காத்திருப்பதில்லை. முதல் நாள் அப்படிக் கிளம்பியபோது வாட்ச்மேன் பெரியவர் கேட்டார்: "என்ன சார், சாட்டிலைட் வந்துடுச்சா?" "வர்றப்ப வரட்டும்யா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.