19 பாயின்ட்: சென்னை சிட்டி தப்பிச்ச கதை

நம்ம காலேஜ்ல ஃபுட்பால் ரசிகர்னு சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி, செல்சீ ஜெர்சி, ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு லேப்டாப் முன்னாடி நாலு பேர், காலைல முதல் பீரியட்ல தூக்கம். எவர்ட்டன் 2023-ல எப்படி ரெலகேஷன்ல இருந்து தப்பிச்சதுன்னு கேட்டா, டூகூரே போர்ன்மத்துக்கு எதிரா அடிச்ச அந்த ஒரு கோலைப் பத்தி நிமிஷக் கணக்கோட சொல்ற ஆள் ஒவ்வொரு ஃப்ளோர்லயும் ஒருத்தர் இருப்பார். ஆனா அதே மாதிரி ஒரு கதை நம்ம மாநிலத்துல, அதே ரெண்டு பாயின்ட் வித்தியாசத்துல, 2018-ல நடந்திருக்குன்னு சொன்னா முழிக்கிறாங்க. இந்தக் கட்டுரை அவங்களுக்காக.

முதல்ல ரெலகேஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமா இருக்கும். ஐபிஎல்ல கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே டீம் திரும்ப ஆடும். இங்கிலாந்து பிரீமியர் லீக்ல 20 டீம். 38 மேட்ச் முடிஞ்சதும் கடைசி மூணு டீமைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிடுவாங்க, கீழே இருந்து மூணு டீம் மேல வரும். அதனால மேல கப்புக்குச் சண்டை நடக்கிற மாதிரியே கீழேயும் ஒரு சண்டை நடக்கும். எவர்ட்டன் அந்த சீசன்ல 36 பாயின்ட். கீழே போன லெஸ்டர் 34. அந்த ஒரு கோல் விழாம மேட்ச் டிராவாகி இருந்தா, கோல் வித்தியாசத்துல எவர்ட்டன்தான் கீழே போயிருக்கும். 1954-ல இருந்து முதல் டிவிஷனை விட்டு இறங்காத டீம் அது.

இப்போ கோயம்புத்தூருக்கு வருவோம். சென்னை சிட்டி எஃப்சி. பேருல சென்னை, ஆடினது கோவை நேரு ஸ்டேடியத்துல. (இதைப் பத்திக் கோவைப் பசங்களுக்கு இன்னும் கோபம் உண்டு. நியாயமான கோபம்தான்.) 2016-17 சீசன்ல ஐ-லீக்குக்குள்ள நேரடி அனுமதியோட வந்தாங்க. அப்போ ஐ-லீக்தான் பழைய முறைப்படியான தேசிய லீக். ஐஎஸ்எல் 2014-ல ஆரம்பிச்சு பக்கத்துலயே தனியா ஓடிட்டு இருந்தது. பணம், டிவி, நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் பக்கம். ரெலகேஷன் பயம் மட்டும் இந்தப் பக்கம்.

2017-18 சீசன். 10 டீம், ஆளுக்கு 18 மேட்ச். இதுல ஒரு சிக்கல் இருக்கு, கவனமா படிங்க. அந்தப் பத்துல ஒண்ணு இந்தியன் ஏரோஸ். அது அகில இந்திய கால்பந்து சம்மேளனமே சின்னப் பசங்களை வளர்க்கறதுக்காக நடத்தின டீம். அதுக்கு ரெலகேஷன் கிடையாது. அந்த சீசன்ல ஏரோஸ் கடைசி, பத்தாவது இடம். அப்போ இறங்க வேண்டியது யார்? ஒன்பதாவது டீம். அதாவது டேபிள்ல கடைசில இருக்கிறவன் பத்திரம், அவனுக்கு மேல இருக்கிறவனுக்கு ஆபத்து. சென்னை சிட்டி பல வாரம் அந்த ஒன்பதாவது இடத்தைச் சுத்தியேதான் இருந்தது.

டீம் முழுக்க மோசம்னு நினைக்காதீங்க. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்துல இருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்த சீசன்ல ஐ-லீக்கின் சிறந்த மிட்ஃபீல்டர். 2018 ஜனவரி 2-ஆம் தேதி கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானை 2-1னு ஜெயிச்சாங்க. நூறு வருஷத்துக்கு மேல பழமையான கிளப்பை, அவங்க ஊர்லயே. அந்தத் தோல்வியோட மோகன் பகான் கோச் சஞ்சய் சென் ராஜினாமா பண்ணிட்டார். ஆனா அடுத்த மாசமே அதே கொல்கத்தாவுல ஈஸ்ட் பெங்கால்கிட்ட 7-1னு உதை வாங்கினாங்க. டூடூ மட்டும் நாலு கோல். ஒரே டீம், ஒரே ஊர், ரெண்டு மாசத்துக்குள்ள இந்த ரெண்டு ரிசல்ட். இதுதான் கீழ்ப்பாதி டீமோட வாழ்க்கை. சீரா மோசமா ஆடற டீமை விட இப்படி ஏறி இறங்கி ஆடற டீமை ரசிக்கிறது கஷ்டம், ஏன்னா நம்பிக்கை விட்டுப் போகவே போகாது.

சீசன் முடிவுல சென்னை சிட்டி எடுத்தது 19 பாயின்ட், எட்டாவது இடம். கோவாவோட சர்ச்சில் பிரதர்ஸ் 17, ஒன்பதாவது. கணக்கு போட்டுப் பாருங்க: மோகன் பகானை ஜெயிச்சதுல கிடைச்ச அந்த மூணு பாயின்ட் மட்டும் இல்லன்னா 16. சீசன் முழுக்க நடந்த மத்த எல்லாம் அப்படியே இருந்தாலும் சென்னை சிட்டிதான் ஒன்பதாவது.

அதுலயும் கடைசி நாள்தான் விஷயம். 2018 மார்ச் 8. சர்ச்சில் பிரதர்ஸ் 17 பாயின்ட்டோட பஞ்ச்குலாவுல மினர்வா பஞ்சாபோட மோதறாங்க. ஜெயிச்சா 20, சென்னை சிட்டியைத் தாண்டிடுவாங்க. டிரா ஆனா கூடப் பத்தாது. எதிர்ல இருக்கிற மினர்வாவுக்கோ அன்னிக்கு ஜெயிச்சா சாம்பியன் பட்டம். நாலு டீம் கப்புக்குச் சண்டை போட்ட நாள் அது: மினர்வா, நெரோக்கா, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். ஆக ஒரே மைதானத்துல ஒருத்தருக்குக் கப், இன்னொருத்தருக்கு உயிர். கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி நடந்த மேட்ச்ல சென்னை சிட்டியோட தலையெழுத்து. ஓபோகு 16-ஆவது நிமிஷத்துல அடிச்ச ஒரே கோல், 1-0. மினர்வா சாம்பியன். சர்ச்சில் கீழே. சென்னை சிட்டி தப்பிச்சது.

ஒரு சின்ன விஷயத்தை மறைக்கக் கூடாது. சர்ச்சில் பிரதர்ஸ் மேல்முறையீடு பண்ணாங்க, சம்மேளனம் அவங்களைத் திரும்பச் சேர்த்துக்கிச்சு. அடுத்த சீசன்ல கீழே இருந்து ரியல் காஷ்மீரும் வந்து மொத்தம் 11 டீம் ஆயிடுச்சு. "அப்போ தப்பிச்சதுக்கு என்ன மதிப்பு?"னு கேட்பீங்க. மார்ச் மாசம் அது யாருக்கும் தெரியாதே. எக்ஸாம் முடிஞ்சப்புறம் கிரேஸ் மார்க் வரும்னு நம்பிப் படிக்காம போற ஆள் யாராவது உண்டா? (சரி, நம்ம டிபார்ட்மென்ட்ல ரெண்டு பேர் உண்டு.)

இந்தியாவுல கீழே போறதுன்னா என்னன்னு புரிஞ்சாதான் அந்தப் பயம் புரியும். இங்கிலாந்துல இறங்கின டீமுக்குச் சில வருஷத்துக்கு டிவி பணத்துல ஒரு பங்கு வந்துட்டே இருக்கும். விழும்போது அடிபடாம இருக்க ஒரு பாராசூட் மாதிரி. இங்க அப்படி எதுவும் இல்லை. 2016-17-ல கடைசி இடம் வந்து இறங்கின மும்பை எஃப்சி கீழ் டிவிஷனுக்குப் போகவே இல்லை, கிளப்பையே மூடிட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல வளர்ந்தவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2006-ல ஆரம்பிச்ச நோக்கியா ஃபாக்டரி 2014 நவம்பர்ல மூடினப்போ, "இந்த லைன் இனி கொஞ்சம் சின்ன லைனா ஓடும்"னு யாரும் சொல்லலை. ஷிஃப்ட் பஸ் நின்னுபோச்சு, அவ்வளவுதான். கீழ இன்னொரு படி இருக்கிறவனுக்குத்தான் அது ரெலகேஷன். படியே இல்லாதவனுக்கு அது மூடல்.

இனிமேதான் கதையே. சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போயிட்டார். சிறந்த ஆள் போன டீம், போன வருஷம் ரெண்டு பாயின்ட்ல தப்பிச்ச டீம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சா வந்தார். ஸ்பெயின்ல இருந்து நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா, அங்கேயே கீழ் டிவிஷன்கள்ல ஆடிட்டு இருந்த உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி. பெரிய பேர் ஒண்ணும் இல்லை. மான்சி அந்த சீசன்ல 21 கோல் அடிச்சார். 20 மேட்ச் லீக்ல 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி 40 பாயின்ட், ஈஸ்ட் பெங்கால் 39. கோவைல எதிர்ல யார் தெரியுமா? மினர்வா பஞ்சாப். போன வருஷம் இவங்களைத் தெரியாமலே காப்பாத்தின அதே டீம். மூணாவது நிமிஷத்துலயே மினர்வா கோல். கோழிக்கோட்ல ஈஸ்ட் பெங்கால் முதல்ல பின்தங்கி, பிறகு 2-1னு ஜெயிச்சுடுச்சு. அதனால இங்க டிரா ஆகியிருந்தா கூடக் கப் கொல்கத்தாவுக்கு. ரெண்டாவது பாதியில மான்சி பெனால்டி அடிச்சார், அப்புறம் கௌரவ் போரா ரெண்டு கோல். போரா ஒரு டிஃபெண்டர்னு ஞாபகம் வச்சுக்கோங்க. 3-1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுல இருந்து தேசிய லீக்கை ஜெயிச்ச முதல் கிளப்.

லெஸ்டர் 2015-ல ரெலகேஷன்ல இருந்து தப்பிச்சு 2016-ல பிரீமியர் லீக் ஜெயிச்சதை உலகமே அதிசயம்னு சொல்லுது. ஐ-லீக்ல அது தொடர்ந்து மூணு வருஷம் நடந்திருக்கு. ஐஸால் 2015-16-ல ரெலகேஷன் இடத்துல முடிச்சு, கோவா கிளப்புகள் விலகினதால திரும்ப உள்ள வந்து, 2016-17-ல சாம்பியன். அந்த சீசன்ல பத்துல ஒன்பதாவது வந்த மினர்வா அடுத்த வருஷம் சாம்பியன். அந்த சீசன்ல எட்டாவது வந்த சென்னை சிட்டி அதுக்கு அடுத்த வருஷம் சாம்பியன். மூணு தடவை நடந்தா அது அதிசயம் இல்லை, அமைப்போட குணம்.

ஏன்? என் கணக்கு இது. முதல் காரணம் சாம்பிள் சைஸ். 38 மேட்ச்ல நல்ல டீம், மோசமான டீம் எது எதுன்னு தெளிவா பிரிஞ்சுடும். 18 மேட்ச்ல அதிர்ஷ்டத்தோட பங்கு அதிகம். ப்ராபபிலிட்டி பேப்பர் எழுதினவங்களுக்கு இது புரியும். ரெண்டாவது, ஐஎஸ்எல் மேல இருந்த ஆட்களையும் பணத்தையும் உறிஞ்சிட்டதால மிச்சம் இருந்த கிளப்புகளுக்குள்ள பெரிய இடைவெளி இல்லை. மேலயும் கீழேயும் கிட்டத்தட்ட ஒரே பட்ஜெட்னா, நாலு வெளிநாட்டு ஆளைச் சரியா தேர்ந்தெடுத்தாலே எட்டாவதுல இருந்து முதல் இடத்துக்கு வந்துடலாம். தப்பா தேர்ந்தெடுத்தா அதே வேகத்துல கீழேயும் போகலாம். இந்த ரெண்டாவது காரணம்தான் பெருசுன்னு நான் நினைக்கிறேன்.

அதே 2018-19-ல நம்ம தலைநகரோட இன்னொரு டீமைப் பாருங்க. சென்னையின் எஃப்சி. 2018 மார்ச் 17-ல, சென்னை சிட்டி தப்பிச்ச ஒன்பதாவது நாள், ஐஎஸ்எல் கப் ஜெயிச்சாங்க. அடுத்த சீசன்ல 18 மேட்ச்ல 9 பாயின்ட், பத்துல பத்தாவது. ஒண்ணும் ஆகலை. ஐஎஸ்எல்ல அப்போ ரெலகேஷனே கிடையாது. அதே வருஷம் கீழே இருந்த லீக்கை ஜெயிச்ச சென்னை சிட்டிக்கு மேல ஏற வழியும் கிடையாது. கடைசி வந்தவன் இறங்கலை, முதல் வந்தவன் ஏறலை. அந்த ஏப்ரல்ல சூப்பர் கப்ல சென்னை சிட்டி அப்போதைய ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவை 2-1னு ஜெயிச்சுக் காட்டினாங்க. அதுக்கும் எந்தக் கதவும் திறக்கலை.

பட்டத்துக்குப் பரிசா ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று கிடைச்சது. 2020 ஜனவரியில பஹ்ரைனோட அல் ரிஃபாவை எதிர்த்து 'ஹோம்' மேட்ச். ஆடின இடம் கோவை இல்லை, அகமதாபாத். 0-1னு தோல்வி. சுவிட்சர்லாந்தோட பாசல் கிளப் 2019-ல 26 சதவீதம் பங்கு வாங்கினப்போ நல்ல காலம் வருதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. அப்புறம் கொரோனா. 2020-21-ல சென்னை சிட்டி டேபிளோட கீழ்ப்பாதியில, ரெலகேஷனுக்குச் சண்டை போடற குரூப்ல ஆடினாங்க. அந்த வருஷம் கடைசி வந்தது நெரோக்கா, 2018-ல கப்புக்கு ஒரு மேட்ச் தூரத்துல இருந்த அதே நெரோக்கா. சென்னை சிட்டி மைதானத்துல மறுபடியும் தப்பிச்சது. ஆனா கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளைப் பூர்த்தி பண்ண முடியாததால 2021-22 ஐ-லீக்ல அவங்க பேரே இல்லை. ரெண்டு சீசன்ல பாயின்ட் காப்பாத்தின டீமைக் கடைசியில வெளியேத்தினது ஒரு ஃபைல்.

ஷில்லாங் லஜாங்கை இங்க சொல்லியே ஆகணும். சென்னை சிட்டி கப் ஜெயிச்ச அதே சீசன்ல கடைசி வந்து இறங்கினவங்க அவங்கதான். மூடலை. உள்ளூர் லீக்லயே ஆடி, ரெண்டாவது டிவிஷன் வழியா 2023-24-ல ஐ-லீக்குக்குத் திரும்ப வந்துட்டாங்க. ஒரகடம் பக்கம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலி மனையில ஃபுட்பால் ஆடற வடகிழக்குப் பசங்ககிட்ட லஜாங் பத்திக் கேட்டுப் பாருங்க, சம்பளத்தை விட நீளமா பேசுவாங்க.

ஐ-லீக்ல இருந்து ஐஎஸ்எல்லுக்கு ஏறற கதவு கடைசியா 2023-ல திறந்தது. அந்த வழியா முதல்ல மேல போனது 2022-23 ஐ-லீக் சாம்பியன், இப்போ பஞ்சாப் எஃப்சின்னு பேர் மாத்திக்கிட்ட டீம். அதோட பழைய பேர் மினர்வா பஞ்சாப்.