மலைச்சரிவிற் கட்டிடமும் ஒளியின் அளவுகோலும்

பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறுவோர், தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி எழுப்பிய சுவர்களை வழிநெடுகக் காண்பர். மேசன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நிமிர்வைப் பார்க்கிறார். நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் பிடித்து அத்திவாரத்தின் மட்டத்தை அறிகிறார். இக்கருவிகள் பொய் கூறுவதில்லை. ஆயினும் அவை தாம் தொட்ட இடத்தை மட்டுமே அறிவிக்கும். சுவரின் நடுவே ஓரங்குலப் புடைப்பு இருப்பின், நூல் அங்கே பிடிக்கப்படாதவரை அது பூச்சுக்குள் மறைந்துவிடும்.

நுண்ணிய அளவை ஊவாவுக்குப் புதியதன்று. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் மலையைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியே வெளிப்படுகிறது. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகை கட்டிய விதத்தைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வளைவு தோன்றிற்று என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ அன்றோ, பாதையைப் பிசகாமற் பொருத்தியது கோணமானியும் சங்கிலியும் கொண்டு செய்த அளவையே.

இன்று அப்பணிக்கு லேசர் வருடி என்னும் கருவி வந்துள்ளது. முக்காலியின் மேல் நின்று சுழலும் இக்கருவி, லேசர் ஒளியைச் சுற்றுப்புறமெங்கும் வீசுகிறது. பத்து மீற்றர் தொலைவிலுள்ள சுவரிற் பட்டு ஒளி மீண்டு வருவதற்கு, ஒரு செக்கனை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 67 கூறுகளே செல்லும். அந்நேரத்தைக் கணித்துத் தூரத்தை அறிகிறது கருவி. ஒளியின் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக்கொண்டு தூரம் காணும் வகையும் உண்டு. செக்கனுக்குப் பல இலட்சம் புள்ளிகள் இவ்வாறு பதிவாகின்றன. அவையனைத்தும் சேர்ந்து, கட்டிடத்தின் வடிவையே சில மில்லிமீற்றர் வழுவுக்குள் காட்டும் புள்ளித்திரளாகின்றன.

இப்புள்ளித்திரளைப் பொறியியலாளர் முன்னரே கணினியில் அமைத்த மாதிரியின் மேற் பொருத்துவர். மாதிரியோடு ஒத்த இடம் பச்சையாகவும், புடைத்த இடம் சிவப்பாகவும், உள்வாங்கிய இடம் நீலமாகவும் தோன்றுமாறு செய்வது பெருவழக்கு. இதனை எப்பொழுது செய்வது என்பதே பெரிதும் கவனிக்கத்தக்கது. கொங்கிரீட் இடுமுன், பலகைகளும் கம்பிகளும் வெளியே தெரியும் வேளையில் வருடினால், விலகிய கம்பியை ஓர் ஆள் கையால் நகர்த்திவிடலாம். இறுகிய பின் கண்டால் உடைக்க வேண்டிவரும்; அல்லது பொறுத்துக்கொள்ளவேண்டிவரும். இரண்டாவதே பெரும்பாலும் நடப்பது.

எனினும், ஒளி மேற்பரப்பையே காணும். கொங்கிரீட்டுக்குள் சீமெந்து குறைந்ததை அது அறியாது. பாறைக்குள் நீர் தேங்கி நிற்பதையும் அறியாது. உமாஓயா நீரைத் திசைதிருப்பும் சுரங்கம் இதற்குத் தக்க சான்று. சுரங்கம் துளைக்கும் பேரியந்திரங்கள் லேசர்க் கதிரின் வழிகாட்டலில் கோடு பிசகாமற் செலுத்தப்படுவன. ஆயின் 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் மீண்டும் 2017ஆம் ஆண்டிலும் அச்சுரங்கத்துள் நிலத்தடிநீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு வந்தனர். 120 மெகாவாற்று ஆற்றலுள்ள அத்திட்டம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. சுரங்கத்தின் வடிவு எத்துணைச் செம்மையாயினும், மலையின் உட்புறத்தைத் துளையிட்டு ஆராயும் வேலையை வேறெதுவும் ஈடுசெய்யாது.

சரிவு நிலத்தில் இன்னொரு பொறியும் உண்டு. இன்றைய வருடலையும் அடுத்த பருவமழைக்குப் பின் செய்யும் வருடலையும் ஒப்பிட்டால் சுவரோ நிலமோ நகர்ந்ததை அறியலாம் என்பது உண்மை. ஆனால் ஒப்பீட்டுக்கு ஆதாரமாக நாட்டிய குறிக்கற்கள் அதே சரிவில் இருந்தால், அவையும் உடன் நகரும். கணினி எல்லாம் நலமென்று பச்சை நிறம் காட்டும். அவை சரிவுக்கு அப்பால் உறுதியான பாறையில் இருத்தல் வேண்டும். மூடுபனியும் ஈரச்சுவரும் ஒளியைக் குழப்புவதால், ஊவாவில் வருடுவோர் வானத்தையும் பார்த்தே முக்காலியை விரிக்கவேண்டும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அளவை இருந்தது, குடியேற மாற்றிடமே இருக்கவில்லை. தோட்டங்களிற் புது வீடுகள் எழும் இக்காலத்தில், சுவரை வருடுமுன் நிலத்தை ஆராய்ந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறுதல் முதற்கடன்.

விலையுயர்ந்த அக்கருவி எல்லா லயன்களுக்கும் வந்து சேரப்போவதில்லை. பழைய சுவரில் வெடிப்புக் கண்டவர், அதன் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை ஒன்றைப் பூசி, அருகிலே திகதியை எழுதிவைக்கலாம். பட்டை பிளந்தால் வெடிப்பு வளர்கிறது என்பது தெளிவு. அதனோடு மண்மேட்டில் புதிதாக நீர் ஊறிக் கலங்கி வழியுமானால், அதிகாரி வரும்வரை காத்திராமல் அன்றிரவே பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடுதல் வேண்டும்.